தாமியானின் சுருதி

தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தபோது மணி பத்தேகால். கச்சேரி பதினொன்றுக்கு. நடுவில் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம் என்று நசாரியா தன் தியோர்போவைத் தோளில் சாய்த்துக்கொண்டு கோவிலின் பக்கத்து அறைக்கு வந்தாள். வாத்தியத்தின் வயிறு பூசணிக்காயைப் பிளந்து கவிழ்த்ததுபோல இருக்கும்; கழுத்து அவளைவிட ஒரு முழம் உயரம். பதினான்கு நரம்புத் தந்திகள். அவற்றில் நீளமான எட்டுக்கு, விரல் வைத்து அழுத்த மெட்டே கிடையாது. எந்தச் சுருதியில் வைத்தாளோ அதில்தான் பேசும்.

கோவிலின் பழைய நோட்டுத் தாள்களில் ஒரு பாட்டு இருந்தது. கீழே நான்கு சுரங்கள் மட்டும் திரும்பத் திரும்ப வரும். மேலே வாசிப்பவர் இஷ்டம். ஒருநாள் சித்தப்பா மகன் வில்பேர் நடனக் குழுவுக்காகப் பாஸ் கித்தார் பழகுவதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டவள் துள்ளி எழுந்தாள். அதே நான்கு சுரங்கள்! அன்றிலிருந்து நான்கு மாதம், அக்காள் புருஷன் தாமியானின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் மூவரும் சேர்ந்து வாசித்தார்கள். தாமியான் நாணல் குழல் ஊதுவான்.

இருபது வருடமாகக் கோவில் இசையை நடத்தும் தோன் ஹசிந்தோ இசை விழாவின் கடைசி நாளில் எட்டு நிமிடம் கொடுத்திருந்தார். கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "நல்லா வந்துச்சுன்னா இனிமே இதுக்கும் கோவில்ல இடம் உண்டு. சந்தை இரைச்சலா வந்துச்சுன்னா அந்தப் பாஸ் கித்தாரோட கரண்ட் பெட்டி இந்தப் படியை மறுபடி மிதிக்காது. நீயும் பழைய பாட்டோட நிறுத்திக்கணும்."

அறையில் மூவரும் ஆரம்பித்தார்கள். மூன்றாவது சுரத்திலேயே நின்றார்கள்.

"என்ன மச்சான், பூனைச் சண்டை மாதிரி இருக்கு?" என்றான் வில்பேர்.

"என்னைப் பார்க்காத. என் குழல்ல திருகாணி கிடையாது."

"நான் சுத்தமா வச்சிருக்கேம்ப்பா. போன்ல பார்த்து, நானூத்தி நாப்பது."

நசாரியா நிமிர்ந்தாள். "உன்னை யாருடா போனைப் பார்த்து வைக்கச் சொன்னா?"

"கோவிலாச்சே, மரியாதையா இருக்கட்டும்னுதான்."

அவள் மட்டும் என்ன? பூசைக்காகத் தோன் ஹசிந்தோவின் சுருதிக் கருவியை வைத்து, பழைய இசைக்காரர்களின் வழக்கப்படி அதே சுரத்தை நொடிக்கு நானூற்றுப் பதினைந்து அதிர்வில் கூட்டியிருந்தாள். சரியாக அரைக்கட்டை இடைவெளி.

"அவ்வளவுதானே? நான் ஒரு மெட்டு இறக்கி வாசிச்சிடறேன்" என்றான் வில்பேர். இருவருக்கும் சேர்ந்தது. தாமியான் குழலை வாயில் வைத்தான், மறுபடி பூனைகள். ஆற்றங்கரையில் வெட்டி, சுட்ட கம்பியால் துளை போட்ட குழல் அது. இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கேயோ நின்றது.

அப்போதுதான் நசாரியாவுக்கு உறைத்தது. பட்டறைக்கு அவர்கள் போகும்போதெல்லாம் தாமியான் கிரீஸ் கையோடு ஊதிக்கொண்டிருப்பான். இவர்கள் காதால் கேட்டே அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். எண்ணைப் பற்றி யாரும் நினைத்ததே இல்லை. இன்றைக்குத்தான் புதுச்சட்டை போடுவதுபோல ஆளுக்கொரு எண்ணைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

தாமியான் தொப்பியை எடுத்தான். "நீங்க ரெண்டு பேரும் வாசிங்க. நான் முன்வரிசையில உட்கார்ந்து கை தட்டறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

மணி பத்து முப்பத்தைந்து. இந்தப் புழுக்கத்தில் பதினான்கு நரம்பையும் ஏற்றினால் மெல்லியது அறுந்தாலும் அறுந்துவிடும்; மற்றவை நிலைக்காமல் இறங்கும். மாற்றுத் தந்தி கைவசம் இல்லை.

"உட்காருங்கத்தான்," என்றாள். "ஊதுங்க."

அவன் ஒரே சுரத்தைப் பிடித்தான். வில்பேர் பாஸை அதற்கு இறக்கிக்கொண்டான். அவள் முளைகளைத் திருகினாள். தாமியான் முகம் சிவந்து மூச்சு வாங்கினான்.

"இன்னும் எத்தனை தாயி?"

"ஒன்பது."

"நான் போயிட்டேன்னா என் அடக்கப் பூசையையும் எட்டு நிமிஷத்துல முடிச்சிரச் சொல்லு."

தோன் ஹசிந்தோ எட்டிப் பார்த்தார். கையிலிருந்த கருவியின் முள் அவருக்குத் தெரிந்த எந்த இடத்திலும் நிற்கவில்லை. "இது என்ன சுருதி?"

"தாமியான் சுருதி வாத்தியாரே."

"அப்படி ஒண்ணு உலகத்துல கிடையாது."

"நாலு மாசமா இருக்கு," என்றான் வில்பேர்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பதினொன்றுக்கு நசாரியா தனியாக ஆரம்பித்தாள். மெல்லிய தந்தி அறுந்துவிடுமோ என்று முதல் நிமிடம் மூச்சே விடவில்லை. அறுந்துவிடவில்லை. பாஸ் உள்ளே வந்தது. முன்வரிசைப் பெண்களின் விசிறிகள் தாளத்துக்கு அசைய ஆரம்பித்தன. மூன்றாம் பகுதியில் நீளத் தந்திகள் இரண்டு மெதுவாக இறங்குவதை விரல் சொன்னது. அவற்றைத் தொடாமல் தாண்டினாள். வில்பேர் ஒரு கணம் அவள் கையைப் பார்த்தான். அடுத்த சுற்றில் அந்த இரண்டு சுரங்களையும் அவனே எடுத்துக்கொண்டான். அதற்குமேல் தாமியானின் குழல் ஏறியது. செங்கல் தரையில் யாரோ குதிகாலால் தட்டினார்கள். பிறகு பெஞ்சு பெஞ்சாகத் தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் தோன் ஹசிந்தோ நேராக வந்தார்.

"ரெண்டு கீழ்த்தந்தியைத் தொடவே இல்லையே, ஏன்?"

"இறங்கிடுச்சு வாத்தியாரே."

"இறங்கத்தான் செய்யும். முந்தின நாளே ஏத்தி வைக்கணும். நீ, பாஸ் கித்தார்! அவ விட்டதை எடுத்தது சரி. ஆனா தாளத்துக்கு முந்தி ஓடற."

நசாரியாவுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. வேண்டாதவர்களுக்குக் கை கொடுத்து "ரொம்ப நல்லது" என்று அனுப்பிவிடுவது அவர் வழக்கம். குறை சொன்னால் வைத்துக்கொள்ளப் போகிறார் என்று அர்த்தம். அவர் கருவியை நீட்டித் தாமியானை ஊதச் சொன்னார். நிகழ்ச்சித் தாளின் ஓரத்தில் நானூற்று இருபத்தெட்டு என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"புதன்கிழமை மூணு மணிக்கு ஒத்திகை. மூணு பேரும் இதே சுருதியில வரணும்."

"புதன்கிழமையா?" வில்பேர் அலறினான். "அன்னைக்கு எனக்கு ஒரு கல்யாணக் கச்சேரி இருக்கே!"

"பொண்ணு மாப்பிள்ளையை வியாழக்கிழமை வரச் சொல்லு," என்று சொல்லிவிட்டு அவர் பீடத்தின் பக்கம் நடந்தார்.