செவ்வாய்க்கிழமை வரைக்கும்

செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் சாவதில்லை என்று எர்னஸ்டீன் முடிவு செய்திருந்தாள். டாக்டரிடமும் அதைச் சொல்லிவிட்டாள். டாக்டரோ ஞாயிற்றுக்கிழமையையே சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் எங்கள் பென்சில்வேனியா சட்டம். தபாலில் ஓட்டை அனுப்பிவிட்டு, தேர்தல் நாளுக்கு முன்பே ஆள் போய்ச் சேர்ந்தால் அந்த ஓட்டு செல்லாது. செவ்வாய்தான் தேர்தல். எர்னஸ்டீன் எப்போதோ அனுப்பிவிட்டாள். இனி அவள் செய்ய வேண்டியது மூச்சு விடுவது ஒன்றுதான். அதைத்தான் அவளுடைய நுரையீரல் செய்ய மறுத்தது.

நான் பக்கத்து வீட்டு கிளைட். இந்த இரும்பாலை ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். சத்தியமாகச் சொல்கிறேன், திங்கட்கிழமை சாவு அவள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அவள் கண்ணைத் திறக்காமலே, "ஷூவைக் கழட்டிட்டு வா, இப்பத்தான் தரை துடைச்சிருக்கு" என்றாள். அது கூச்சப்பட்டுத் திரும்பிப் போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். வந்தது நர்ஸ்தான் என்கிறாள் அவள் மகள் இவெட். இவெட்டுக்கு ரசனை போதாது.

நகர சபைக்குப் போட்டியிட்ட இரண்டு பேரில் ஒருவன் ராஸ்கோ, எர்னஸ்டீனின் முன்னாள் கணவன்.

"அலபாமாவுல, கறுப்பனுக்கு எதுக்கு ஓட்டுன்னு, ஓட்டர் பட்டியல்ல பேர் எழுதப் போனதுக்கு எங்கப்பாவை வேலையிலேருந்து துரத்துனாங்க" என்பாள் எர்னஸ்டீன். "சாகுறவரைக்கும் அவர் ஒரு ஓட்டுகூடப் போடலை. நான் ஒண்ணுகூட விட்டதில்லை. அதுவும் ராஸ்கோ நிக்கிற தேர்தலை விட்டுடுவேனா?"

செவ்வாய் விடிந்தது.

"கிளைட், இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய். ஜெயிச்சுட்டே. இனி எப்ப வேணா கிளம்பலாம்."

"காபி குடிச்சுட்டுக் கிளம்புறேன்."

காபி ஆறுவதற்குள் தேர்தல் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசிய பெண் தேன் மாதிரிப் பேசினாள். தபால் உறையின் மேல், கையெழுத்துக்குப் பக்கத்தில், கையெழுத்துப் போட்ட நாளைக் குறிக்க வேண்டுமாம். எர்னஸ்டீன் அங்கே தன் பிறந்த தேதியை எழுதியிருந்தாள். ஒரு வருஷமாக அவள் கைக்கு வந்த காகிதமெல்லாம் ஆஸ்பத்திரிக் காகிதம். எல்லாவற்றிலும் கேட்டது பிறந்த தேதி. கை பழக்கத்தில் போய்விட்டது. ஓட்டு செல்லாது. இன்று நேரில் வந்தால் தற்காலிக ஓட்டு ஒன்று போடலாம்.

எர்னஸ்டீன் சிரித்தாள். "பொறந்ததுக்கு ஆதாரம் குடுத்தாலும் நம்பமாட்டாங்களா? இவெட், என் கோட்டை எடு."

"அம்மா, வேண்டாம்மா. விட்டுடும்மா."

"நல்ல கோட்டு. சர்ச்சுக்குப் போடுறது."

நர்ஸ் என்னைத் தனியாக இழுத்தாள். "கட்டிலை விட்டு இறங்கினா தாங்கமாட்டாங்க, சார்."

"இறங்கலேன்னா மட்டும் தாங்கிடுவாங்களாம்மா?" என்றேன். அவள் ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்துக் கொடுத்தாள்.

என் பழைய ப்யூக் காரில் எர்னஸ்டீனுக்கு ஒரு பெல்ட், ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு ஒரு பெல்ட், ஓரத்தில் இவெட். வழக்கமாக எங்கள் தெரு சர்ச்சின் அடித்தளத்தில்தான் ஓட்டுப் போடுவோம். இந்த முறை மேட்டு உச்சியில் இருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். வரிசை பக்கத்து மாநிலம் வரைக்கும் நின்றது. சரி, பெட்ரோல் பங்க் வரைக்கும்.

சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வரிசை தானாக விலகியது. "முன்னால கூட்டிட்டுப் போங்க மாமா" என்று யாரோ ஒரு பெண் என்னிடம் சொன்னாள்.

வாசலுக்கு வெளியே கை குலுக்கிக்கொண்டும் பிரசார அட்டை கொடுத்துக்கொண்டும் நின்றவன் ராஸ்கோ.

"எர்னி! நீ போயிட்டேன்னுல்ல சொன்னாங்க?"

"உனக்கு எதிரா ஓட்டுப் போட லீவு வாங்கிட்டு வந்திருக்கேன்."

"பதினோரு வருஷம் உன் மக்ரோனியைத் தின்னவன்டி நான். அந்தத் தியாகத்துக்காவது எனக்குப் போடக் கூடாதா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. ராஸ்கோவின் முகம் மாறிவிட்டது. சரிவுப் பாதையில் நாற்காலியை ஏற்ற என் முதுகு ஒத்துழைக்கவில்லை. கையிலிருந்த அட்டைகளை என்னிடம் திணித்துவிட்டு அவனே தள்ளிக்கொண்டு ஏறினான். தனக்கு எதிரான ஓட்டைத் தானே தள்ளிக்கொண்டு போன வேட்பாளர் அமெரிக்கச் சரித்திரத்திலேயே இவன் ஒருவன்தான். வாசலில் நாற்காலியை இவெட்டிடம் விட்டுவிட்டு நின்றுவிட்டான். "பொறுமையா எழுது, எர்னி" என்றான்.

உள்ளே மேசையில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்தாள். "உங்க தபால் ஓட்டு வந்துட்டதா இருக்கே?"

"வந்துச்சு. பிடிக்கலையாம்."

அவள் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். மறுபடி போட்டாள். மறுபடியும். எர்னஸ்டீனின் உதடு நிறம் மாறுவதை இவெட் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருவழியாக உத்தரவு கிடைத்தது. முதலில் தற்காலிக ஓட்டுக்கான உறையில் பெயர், கையெழுத்து, தேதி. அதற்குப் பிறகுதான் ஓட்டுச்சீட்டு.

"இன்னைக்குத் தேதியா, பொறந்த தேதியா? தெளிவாச் சொல்லிடு தாயி."

"இன்னைக்குத் தேதிங்க."

ஒவ்வொரு எண்ணாக, படம் வரைவதைப் போல எழுதினாள். பேனாவை வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். அந்தப் பெண் சீட்டை எடுக்கத் திரும்பினாள்.

"இந்தாங்கம்மா" என்று நீட்டினாள். பிறகு இன்னொரு தடவை, "இந்தாங்க."

எர்னஸ்டீனின் கண் சீட்டின் மேல்தான் இருந்தது. சாவு இந்தத் தடவை ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். யாருக்கும் சத்தம் கேட்கவில்லை.

ராஸ்கோ ஜெயித்தான். ஒரே ஓட்டில் என்று சொல்ல என் நாக்கு துடிக்கிறது. இல்லை, முந்நூறுக்கும் மேலே. அவள் போட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இதை ராஸ்கோவிடம் சொன்னபோது, அடக்கத்துக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், அவன் என் சட்டையைப் பிடித்துவிட்டான்.

கல்லறைக் கல்லுக்கு இரண்டு தேதி வேண்டும் என்றார்கள். இரண்டையும் எர்னஸ்டீனே தன் கையால் எழுதி வைத்திருக்கிறாள், தேதிக்கொரு உறையில். அதே கையெழுத்திலேயே பொறிக்கலாம் என்று இவெட் தேர்தல் அலுவலகத்தில் இரண்டு உறையையும் கேட்டுப் பார்த்தாள். தர முடியாதாம். எண்ணப்படாத ஓட்டுகளோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.