நாலு முறை விற்ற வீடு

என் புருஷன் வெர்லின் முப்பது வருஷம் பஸ் பட்டறையில் நட்டு முடுக்கியவன். ஓய்வு பெற்ற நாலாம் மாதம், ஓட்டலில் நடந்த ஓர் இலவச வகுப்புக்குப் போனான். முதலீட்டாளனாகத் திரும்பி வந்தான். வங்கிப் பக்கமே போக வேண்டாமாம். வீட்டை விற்கிறவனிடமே முன்பணம் கொடுத்துவிட்டு, மீதியை அவனுக்கே மாதத் தவணையாகக் கட்டலாமாம். வீட்டை வாடகைக்கு விட்டால் தவணை போக மிச்சம் நமக்காம்.

முன்பணம் பதினெட்டாயிரம் டாலர். எங்கள் டொலிடோ நகரத்தில் குடித்தனக்காரர்கள் காலி செய்த வீடுகளைத் தேய்த்துக் கழுவி நான் சேர்த்தது. எங்களிடம் இருந்ததும் அவ்வளவுதான். செக் புத்தகம் என் பைக்குள் இருந்தது.

விற்கிறவர் பெயர் ராய்ஸ் ஹாக்கெட். இஸ்திரி போட்ட சட்டை, பாதிரியார் குரல். வீட்டைப் பார்க்கப் போன அன்று, வெர்லின் அவர் முன்னாலேயே கணக்குப் போட்டான்.

"வாடகை ஆயிரத்து நூறு. தவணை எழுநூத்து நாப்பது, வரியும் இன்ஷூரன்ஸும் இருநூத்துப் பத்து. சும்மா உக்காந்திருந்தா மாசம் நூத்தம்பது, மார்லிஸ்!"

"ரெண்டு மாசம் காலியா கிடந்தா? கூரை ஒழுகினா?"

"ரிப்பேர் வாங்கறவங்க பொறுப்பு மேடம்," என்றார் ஹாக்கெட் கனிவாக. "ஆனா எல்லாமே புதுசு. பாருங்களேன்."

பார்த்தேன். அடுத்தவர் அழுக்கைப் பார்த்தே பிழைத்தவள் நான். குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரில், வாங்கினவர் பேரை எழுதிக் கம்பெனிக்காரன் ஒட்டிய சீட்டு: டெல்காடோ, 2018. வெந்நீர்த் தொட்டியில்: டிபெட்ஸ், 2020. குளியலறை ஓடுகளைப் பதித்த கை வேறு, சமையலறை ஓடுகளைப் பதித்த கை வேறு. இரண்டுமே ஆசையாகப் பதித்த கைகள்.

"டெல்காடோ யாரு?"

"முன்னாடி வாங்கினவர்."

"டிபெட்ஸ்?"

"அவருக்கு அடுத்து வாங்கினவர். பாவம், தவணை கட்ட முடியல."

"எத்தனை தடவ இந்த வீட்டை வித்திருக்கீங்க?"

"நாலு," என்றார். ஒளிக்கக்கூட இல்லை. கடைசித் தவணை வரைக்கும் பத்திரம் அவர் பேரில்தான். நடுவில் தவறினால் வீடும் போச்சு, கட்டியதும் போச்சு. ஒருத்தர் ஹீட்டர் வைத்துவிட்டுப் போனார், ஒருத்தர் கூரை போட்டுவிட்டுப் போனார். இந்த மனுஷர் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. வருகிறவர்கள் தோற்றுப்போவதுதான் அவருக்கு வருமானம்.

வெர்லினைப் பார்த்தேன். புரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

"அவங்களுக்குக் கணக்கு தெரியல மார்லிஸ். எனக்குத் தெரியும். செக்கை எடு."

"உனக்குத் தெரிஞ்ச கணக்கை உன் பணத்துல போடு. என் பணத்துல ஒரு சென்ட் கிடையாது."

"நீ உருப்பட விடவே மாட்ட."

"ஆமா, விட மாட்டேன். போய் வண்டிய எடு."

காலை உதைத்து உதைத்து வெளியே போனான். ஹாக்கெட்டுக்கு முகம் வாடவே இல்லை. வாசலில் அடுத்த வண்டி வந்து நின்றுவிட்டது. இருபது, இருபத்திரண்டு வயதில் ஒரு ஜோடி. அந்தப் பெண் நேராக உள்ளே ஓடி, கைகளை விரித்து ஜன்னலுக்குத் திரை அளந்தாள்.

"வீடு நல்லா இருக்கா மேடம்?" என்று என்னைக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஹாக்கெட் என் முழங்கையைத் தொட்டு வராந்தாவுக்கு அழைத்து வந்தார். "உங்க கண்ணு பிரமாதம். வீடு கழுவற வேலைன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார்," என்றார் தணிந்த குரலில். "எப்படியும் ரெண்டு வருஷத்துல இவங்களும் கிளம்பிடுவாங்க. ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைக்க ஆள் தேடறது பெரும்பாடு. தடவைக்கு முந்நூறு தரேன், வரீங்களா?"

அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. உள்ளே அந்தப் பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நானூறு," என்றேன். "அடுப்பு கழுவறதுக்குத் தனி."