பல் டாக்டர் வீட்டு மதில்

1

இந்தக் கதை ஒரு போனில் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை, நான் எழுதும் தொலைக்காட்சித் தொடரின் ஏழாவது பகுதி முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே அக்கா கூப்பிட்டாள்.

"ஏண்டி, அந்தப் பொண்ணு நானா?"

"கதைதான்க்கா. சும்மா ஒரு..."

வைத்துவிட்டாள். அப்புறம் மூன்று வாரம் என் போனை எடுக்கவேயில்லை.

தொடர் இதுதான்: நகரத்தின் ஓரத்தில், ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள் உள்ள தெருவில் அக்காவும் தங்கையும் வளர்கிறார்கள். சிரிப்பு நிறைய, கண்ணீர் கொஞ்சம். எங்கள் தெரு, எங்கள் வீடு. 'அப்படியே எங்க வீட்டுக் கதை' என்று முகம் தெரியாதவர்கள் கடிதம் போடுகிறார்கள். அக்கா மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

2

முதல் தொடக்கம்: எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும்

(வேண்டாம். அடுத்த வரி உங்களுக்கே தெரியும்.)

இரண்டாவது: அப்பா பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் ஒரு சாயங்காலம் வீடு மாறி நுழைந்து, ஷூவைக் கழற்றி, பேப்பரைப் பிரித்து, அந்த வீட்டம்மா கொடுத்த டீயையும் குடித்துவிட்டு, "இன்னைக்கு டீ நல்லாருக்கே" என்று நிமிர்ந்தபோதுதான்

(இதையும் நிறுத்துகிறேன். நிஜமாக நடந்ததுதான். ஆனால் அப்பாவைக் காட்டி உங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தால் நான் அந்தக் கார் விஷயத்துக்கு வர வேண்டியதில்லை. முப்பது வருடமாக இப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.)

3

கார், அப்பா வாங்கிய முதல் கார். செகண்ட் ஹேண்ட். பச்சை நிறம். (அக்கா நீலம் என்பாள்.) மேட்டிலிருந்த எங்கள் வீட்டு வாசலில் நிற்கும். சரிவின் அடியில் பல் டாக்டர் வீடு.

தொடரின் ஏழாவது பகுதியில் நீங்கள் பார்த்தது: அப்பா இல்லாத நேரத்தில் அக்கா காரை எடுக்கிறாள். ஓட்டத் தெரியாமல் நேராகப் போய் டாக்டர் வீட்டு மதிலில் மோதுகிறாள். செங்கல் சரிகிறது. அக்கா ஓவென்று அழுகிறாள். டாக்டர் ஒரு கையில் இடுக்கியோடு வெளியே வருகிறார், பின்னாலேயே வாயைத் திறந்தபடி நோயாளி. ஒரே சிரிப்பு. தொடரிலேயே அதிகம் பேர் ரசித்த பகுதி.

நடந்தது: காரில் இருந்தது நான். வயது பதினொன்று. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்து விளையாடினேன், ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டேன். கார் நகர்ந்தது. பதினேழு வயது அக்கா வீட்டுக்குள்ளிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தாள். காரோடு ஓடி, கதவைத் திறந்து, என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ரோட்டில் உருண்டோம். கார் மட்டும் போய் மதிலில் முட்டியது.

அப்பா வந்ததும், "நான்தான்பா" என்றாள் அக்கா. நான் வாயே திறக்கவில்லை.

அந்த வருடம் வெளியூர்க் கல்லூரியில் கட்டடக் கலை படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா கத்தவில்லை. "நிக்கிற காரையே பாத்துக்கத் தெரியல. தனியா எப்படிம்மா இருப்பே?" என்றார். அவ்வளவுதான். அவள் உள்ளூரிலேயே ஏதோ படித்தாள்.

(அவள் ஏன் பழியை ஏற்றாள்? மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் தியாகச் சிலை மாதிரி நின்றாள். எங்கள் அக்கா அப்படியெல்லாம் நிற்கிற ஆள் இல்லை.)

4

நான்காவது வாரம் அவள் வேலை பார்க்கும் டைல்ஸ் கடைக்கே போனேன். அவள்தான் மேலாளர். மேசையில் தரைத்தளப் படம் ஒன்றை விரித்து, எந்த அறைக்கு எந்தக் கல் என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுக்கா. உன் மேல பழி போட்டு, அதை ஊருக்கே காட்டி..."

"பழி நானா வாங்கினது. அப்பா உன்னை அடிச்சிருவார்னு பயந்தேன். அவர் யாரையும் அடிச்சதே இல்லை, அந்த நேரத்துல அது தோணல." பென்சிலைக் காதில் செருகினாள். "என் கோபம் அதுக்கில்ல. ஓடுற கார் கூட ஓடி உன்னை இழுத்துப் போட்டேனே, அது எங்கடி? என் வாழ்க்கையில நான் செஞ்ச ஒரே பெரிய காரியம். அதை எடுத்துட்டு ஒரு அழுமூஞ்சியை வச்சிருக்கே."

மேசையிலிருந்த படத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"அப்பாகிட்ட சொல்லு. டிவில இல்ல, நேர்ல."

5

சொன்னேன். கூடத்தில் அப்பா என் தொடரின் மறு ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

(இங்கே அப்பா, "எனக்கு அப்பவே தெரியும்மா" என்று சொல்வதாக ஒரு பிரதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். தொடர்களில் வரும் அப்பாக்களுக்குத்தான் எல்லாம் முன்பே தெரிந்திருக்கும். என் அப்பாவுக்குத் தெரியாது.)

சத்தத்தைக் குறைத்தார்.

"ஓடுற கார்லயா?"

"ஆமாப்பா."

"முட்டி பேந்திருந்துச்சு அவளுக்கு. அது என்னன்னுகூட கேக்கல." எழுந்து சட்டையை மாட்டினார். பட்டன் மாறிப் போயிருந்தது. "கடை எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

"போன் போட்டுத் தரவா?"

"போன்ல சொல்ற விஷயமா இது? கிளம்பு."

6

நான் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். அப்பா டைல்ஸ் அடுக்குகளுக்கு நடுவே மெதுவாக நடந்து அவள் மேசைக்குப் போனார். ஏதோ சொன்னார். சின்ன வாக்கியம்தான். வாய் அசைந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அக்கா கையிலிருந்த அளவு டேப்பைக் கீழே வைத்தாள்.

தயாரிப்பாளர் தினமும் கேட்கிறார்: "மேடம், கடைசிப் பகுதியில அப்பா மூத்த பொண்ணுகிட்ட சொல்ற வசனம்?" என்னால் நல்லதாகவே ஒன்று எழுத முடியும், தொழில் அது. ஆனால் அக்காவிடமிருந்து நான் ஏற்கெனவே நிறைய எடுத்துவிட்டேன். அந்த ஒரு வரி அவளிடமே இருக்கட்டும். அவளையும் கேட்கவில்லை, அப்பாவையும் கேட்கவில்லை. வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படிச் சொல்லாமல் விட்ட வரி ஒன்று இருக்கும், அதையே போட்டுப் பாருங்கள்.

நான் பார்த்தது இவ்வளவுதான்: அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பாவை உட்கார வைத்தாள். குனிந்து, அவர் சட்டைப் பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, ஏண்டி அங்கேயே நிக்கிறே என்பது போலக் கையை ஆட்டினாள்.