கையோடு வரும் சாமான்

முதலில் வந்து சேர்ந்தது கம்ப்யூட்டருக்கான பவர் சப்ளை. என் மாமியார் கமர்ஜஹான் அதை ஸ்டெபிலைசர் என்று நினைத்து, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் துடைத்து வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, "இதுல லைட்டே எரியலயேம்மா" என்று வேறு குறைப்பட்டுக்கொண்டார்.

என் பெயர் ஃபர்ஹீன். திண்டுக்கல் பேகம்பூரில் வீடு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் வேலை. நாள் முழுக்க ஊராருடைய ஆதாரில் பெயரைத் திருத்துகிறேன். என் வீட்டுக்காரர் நிஹால் சவூதியில், தம்மாமில் ஒரு குடோனில் இருக்கிறார். கல்யாணமாகி ஐந்து மாதம் ஒன்றாக இருந்தோம். இரண்டு வருஷ ஒப்பந்தம் என்று சொல்லிப் போனவருக்கு இப்போது நாலாவது வருஷம் நடக்கிறது.

அந்த ஐந்து மாதத்தில் நாங்கள் செய்த உருப்படியான காரியம் கேம் விளையாடியதுதான். என் காலேஜ் காலத்து லேப்டாப், அரை மணி நேரத்தில் கொதிக்க ஆரம்பித்துவிடும். ஒரே ஒரு கண்ட்ரோலர். அவர் ஒரு ஆட்டம், நான் ஒரு ஆட்டம் என்று கை மாற்றிக்கொள்வோம். மதிப்பெண்ணில் எப்போதும் நான்தான் முன்னால் நிற்பேன்.

"நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு போடுவோம் புள்ள. ரெண்டு கண்ட்ரோலர் வச்சு ஒண்ணா ஒக்காந்து ஆடுவோம். அன்னைக்கு இருக்கு ஒனக்கு" என்பார்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து போன் போட்டவர், "அடுத்த பக்ரீத்துக்கு ஊரோட வந்துருவேன், இனி அரபி நாடு வேணாம்" என்றார். அதற்குள் சாமான்களைச் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். அங்கே செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைக்கும். எது வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியது, வாங்கி ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிட வேண்டியது அவர் பொறுப்பு.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த லிஸ்டோடுதான் மல்லுக்கட்டு. அவருக்கு மூன்று ஃபேன் வைத்த கிராபிக்ஸ் கார்டு மேல் ஆசை. இங்கே வாங்கி வைத்திருந்த கேபினெட்டைத் தையல் டேப் வைத்து அளந்து பார்த்து, உள்ளே போகாது என்றேன். இரண்டு ஃபேன் போதும், அதற்கு இந்தப் பவர் சப்ளையே தாங்கும். பழைய மதர்போர்டு ஒன்று சல்லிசாக வருகிறது என்றார். அதற்குப் புதுப் புரோசசரை அடையாளம் தெரியாமல் போகலாம், வேண்டாம் என்றேன். ராமில் கலர் கலராக விளக்கு எரியுமாம். விளக்குப் பார்க்க வேண்டுமென்றால் சந்தனக்கூட்டுக்குப் போகலாம், எட்டு ஜிபி இரண்டு மொட்டையாக வாங்குங்கள் என்றேன். கேம்களை ஏற்றி வைக்கிற எஸ்.எஸ்.டி.யைக்கூட பாதியாகக் குறைத்தேன். இரண்டாவது கண்ட்ரோலரை மட்டும் நான் தொடவில்லை. அவரே ஒருமுறை, "அத அப்புறமா வாங்கிக்கலாமே" என்றதற்கு, "நீங்க தோக்குறத நான் எதுல பாக்குறதாம்?" என்று சண்டைக்குப் போனேன்.

அவர் வாங்க வேண்டியதில் கடைசியாக மிஞ்சியது புரோசசர்.

"அடியில முடி கணக்கா கால் இருக்கு. ஒண்ணு வளஞ்சாலும் போச்சு. அத எவன்ட்டயும் குடுத்துவிட மாட்டேன். நானே கையோட கொண்டு வாரேன்" என்றார்.

அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. புரோசசர் வருகிற அன்றைக்கு அவரும் வருவார், கணக்கு அவ்வளவுதான். மாமிக்கும் அப்படித்தான் சொல்லி வைத்தேன்.

ஒவ்வொன்றாக வந்தது. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் போய்த்தான் வாங்க வேண்டும். சித்தையன்கோட்டை கிதர் முகம்மது அண்ணன் வந்தபோது பஸ் பிடித்துப் போனேன். அவர் வீட்டுக் கூடத்தில் பெட்டியைப் பிரித்து, மார்க்கரில் பெயர் எழுதிய பொட்டலங்களை அடுக்கிவைத்திருந்தார். என் பெயரில் கிராபிக்ஸ் கார்டு, கோடாலித் தைலம் நாலு பாட்டில், சின்ன ஊசிக்குழலில் சாம்பல் நிறப் பசை. புரோசசர் சூட்டை இறக்க அதன் தலையில் தடவுகிற பசை அது.

நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மாமி அதை முழங்காலில் தேய்த்துவிட்டார். வெளிநாட்டுப் பொட்டலத்தில் தைலத்தோடு சேர்ந்து வந்தால் அது வலி மருந்தாகத்தானே இருக்க வேண்டும்.

"தைலத்த விடக் குளுகுளுன்னு இருக்கும்மா. அவன்ட்ட இன்னும் ரெண்டு அனுப்பச் சொல்லு" என்றார். சோப்புப் போட்டுத் தேய்த்தும் இரண்டு நாள் காலில் வெள்ளி பூசின மாதிரி மினுங்கியது. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இதைப் போனில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்பதைக் கவனித்தேன். சொல்லவும் இல்லை.

முதல் வருஷம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். இரண்டாவது வருஷம் போனில் கத்தியிருக்கிறேன். அதற்கப்புறம் பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி ஆகிவிட்டது. தொட்டால் தொடுகிறார்கள் என்று தெரியும், வலி தெரியாது. லிஸ்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது.

பக்ரீத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அடுத்த தெரு அப்துல் ஹாதி அண்ணன் ஊருக்கு வந்தார். நான் போவதற்கு முன்னால் அவரே காலையில் வீடு தேடி வந்துவிட்டார். கையில் பேரீச்சம்பழ டப்பா ஒன்று.

"நிஹாலு குடுத்துவிட்டாப்ல. பெட்டியில போடக் கூடாது, கைப்பையிலதான் வைக்கணும்னு அம்புட்டுத் தடவ சொன்னாப்ல. மடியிலேயே வச்சுக் கொண்டாந்தேம்மா."

டப்பா எடையே இல்லாமல் இருந்தது. அங்கேயே நின்றபடி திறந்தேன். பழம் இல்லை. பஞ்சுக்கு நடுவே பிளாஸ்டிக் உறை, அதற்குள் புரோசசர். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வரிசை வரிசையாக அத்தனை கால்களும் நேராக இருந்தன. எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து இதைக் கட்டியிருப்பார் என்று நினைத்தேன். அண்ணனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு மாமி டப்பாவை எட்டிப் பார்த்தார். "கடைசிச் சாமானும் வந்துருச்சா?"

"வந்துருச்சு மாமி."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மத்தியானம் ஜும்மா முடிந்து தம்மாமிலிருந்து அவர் கூப்பிட்டார்.

"ஹாதி வந்தாப்லயா?"

"வந்தாங்க."

"கால் எதுவும் வளயலயே?"

"ஒண்ணுகூட வளயல. நல்லாத்தான் அனுப்பிருக்கீங்க."

எப்போது வருகிறீர்கள் என்று நான் கேட்பேனென்று காத்திருந்தார். கடைசியில் அவரே சொன்னார். "இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் புள்ள. போன மாசமே போட்டுட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சரி."

"ஏதாச்சும் பேசு. திட்டு வேணும்னா."

திட்டலாம் என்று பார்த்தேன், வரவில்லை. முன்னால் மேஜையில் லிஸ்ட் எழுதின தாள் கிடந்தது. இங்கே வாங்க வேண்டியவை அதில் இரண்டே இரண்டுதான் பாக்கி, எஸ்.எஸ்.டி.யும் இரண்டாவது கண்ட்ரோலரும்.

"லிஸ்ட்ல ஒண்ணு மாத்தணும் மச்சான்."

"எத?"

"ரெண்டாவது கண்ட்ரோலர் வேணாம். அந்த ரூவாயப் போட்டு எஸ்.எஸ்.டி.ய பெருசா எடுத்துக்கிறேன்."

தாளில் அந்த வரியை அடித்தேன்.

"அப்ப நான் வந்தா?" என்றார்.

"வாரப்ப நீங்களே கையோட கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, போனை மாமியிடம் கொடுத்தேன்.