மேகத்தில் ஏற்றிய குரல்கள்

சோலைமுத்து இறந்து வருஷம் திரும்பப் போகிற சமயம். அவர் மனைவி சீனித்தாய் எப்போதும்வென்றான் என்ற தன் ஊரில் பஸ் ஏறி, கோவில்பட்டியில் உமாதேவி வேலை பார்க்கும் சின்ன நூலகத்துக்கு வந்தாள்.

"உமா, அவிய பேசினத திதி அன்னைக்கு வீட்டுல போடணும். பிள்ளையள்லாம் கேக்கணும்னு சொல்லுதாவ."

"அதுக்கென்னக்கா, பென்டிரைவுல போட்டுத் தாரேன்."

நாலு வருஷத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய், ஆடு மேய்ப்பவர்களையும் வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகளையும் பேசவைத்து, நூலகத்துக்காகக் குரலைப் பதிந்தவள் உமாதேவி. எந்த மழைக்கு எதை விதைப்பது, கோடையில் ஆட்டுக்கிடையை எந்தப் பக்கம் ஓட்டுவது என்று சோலைமுத்து ஒரு பகல் முழுக்கப் பேசியிருந்தார்.

பதிவுகளை ஏற்றி வைத்திருந்த இணையக் கணக்கு கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. அது ஓய்வுபெற்றுப் போன ஓர் அதிகாரியின் பெயரில் இருந்தது. மேலாபீஸுக்கு போன் போட்டாள். இப்போதைய அதிகாரி மணிராஜ் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ரெண்டு வருஷமா யாரும் தொறக்கலைன்னு கம்பெனிக்காரன் எல்லாத்தையும் அழிச்சிட்டானாம்மா. நோட்டீஸ் அவரோட பழைய மெயிலுக்குப் போயிருக்கு."

"இங்கன இருந்து எடுத்துட்டுப் போன ஹார்டுடிஸ்கு?"

"பழைய சாமானோட ஏலத்துல போயிருச்சே. எல்லாம் கிளவுடுல ஏத்தியாச்சுன்னு ரிப்போர்ட் இருக்கு. நாம என்ன செய்ய?"

உமாதேவி இன்னொரு டிஸ்க் கேட்டு எத்தனையோ தடவை எழுதியிருந்தாள். ஒரே பொருளை இரண்டு இடத்தில் வைப்பது வீண் என்று பதில் வந்திருந்தது.

"கிளவுடுன்னா மேகம்தான சார்? மேகத்த நம்பி வெதச்சுக் கெட்ட ஊரு இது. இங்க ஒரு சம்சாரிகூட இருக்கிற வெத அம்புட்டையும் ஒரே புஞ்சையில போடமாட்டான். நீங்க போட்டீய. போட்டுட்டு, மொளச்சுதா கருகுச்சான்னு எட்டிக்கூடப் பாக்கல. ஒரு புத்தகத்தக் கரையான் அரிச்சா என் சம்பளத்துல பிடிக்கீய. இத்தன பேரு குரலு போச்சே, யாரு சம்பளத்துல பிடிப்பீய?"

"வார்த்தைய அளந்து பேசுங்கம்மா."

"அளந்துதான் சார் பேசுதேன்" என்று போனை வைத்தாள்.

சீனித்தாய் மேசைக்கு எதிரேதான் நின்றிருந்தாள். அழவில்லை. "செத்த மனுசன இன்னொருதரம் சாகக் குடுத்திட்டீயளே" என்றாள்.

அந்த வாரம் உமாதேவி விடுப்புப் போட்டுவிட்டு அலைந்தாள். பதிந்த கையோடு சிலருக்கு வாட்ஸப்பில் அனுப்பியது நினைவிலிருந்தது. நிறையப் பேர் போனை மாற்றியிருந்தார்கள். புதியம்புத்தூரில் தையல் வேலைக்குப் போகிற இசக்கிராஜா, சோலைமுத்துவின் தம்பி மகன், உடைந்த போனில் ஒரு துண்டு வைத்திருந்தான். பேச்சுக்கு நடுவே வெள்ளாடு ஒன்றைச் சோலைமுத்து அதட்டுவதும் அதில் இருந்தது. திதியன்று அதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். சீனித்தாய் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அங்கங்கே தேறிய பதிவுகளை உமாதேவி மூன்று பிரதி எடுத்தாள். ஒன்று நூலகத்தில், ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில், ஒன்று பேசியவர்களின் வீட்டில். மாசம் ஒருமுறை திறந்து பார்ப்பது தன் வேலை என்று வைத்துக்கொண்டாள்.

மேலாபீஸிலிருந்து மெமோ வந்தது: நூலகப் பதிவுகளை அனுமதியின்றி வெளியாருக்குக் கொடுத்தது ஏன்?

'தந்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். தொலைத்தவர்களிடம் எப்போது விளக்கம் கேட்பீர்கள்?' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, பாஞ்சாலங்குறிச்சிக்கு பஸ் பிடிக்கப் போனாள். அங்கே அவள் இன்னும் போனை வாங்கித் தேடிப் பார்க்காத வீடுகள் இருந்தன.