நாற்பதைத் தாண்டாத கார்

அப்பா போன ஒன்பதாம் நாள், அக்காவின் காரை என் பட்டறையில் லிஃப்டில் ஏற்றினேன். ஏற்றிப் பார்க்கச் சொன்னது மாமா, அக்காவின் வீட்டுக்காரர். ஒன்பது நாளாக அக்கா அவரோடு பேசவில்லை.

அப்பா போன அன்று மத்தியானம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மாமா ஓட்டினார். அக்கா பின்சீட்டில் அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். பாதி வழியில் கார் நாற்பதைத் தாண்ட மறுத்துவிட்டது. "மிதிங்க, மிதிங்க" என்று அக்கா கத்தியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது அப்பா இல்லை. கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் வேறு சும்மா இருக்காமல் சொல்லிவைத்தார். திரும்பி வரும்போது அதே கார் எண்பதில் பறந்தது. அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

"பயத்துல அவருக்குக் கை காலெல்லாம் உதறிப்போச்சுடா. மிதிக்கவே இல்ல. இப்ப வண்டி மேல பழியைப் போடுறார்" என்றாள்.

மாமா அடுத்த தெருவில் நாய் குரைத்தாலே பிரேக் போடுகிறவர் என்று நானே எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். அதனால் வாயைத் திறக்கவில்லை.

நான் இன்னும் அழவில்லை. அழுகை மட்டுமில்லை, எதுவுமே வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது மாதிரி ஒன்பது நாளை ஓட்டிவிட்டேன்.

ஸ்கேனரை மாட்டினேன். கியர்பாக்ஸ் ஆயில் பிரஷர் சென்சாரில் கோளாறு என்றது. தானாகக் கியர் மாறும் வண்டி அது. அந்த சென்சார் பேச்சை நிறுத்தினால் கியர்பாக்ஸ் பயந்துபோய் ஒரே கியரில் ஒடுங்கிக்கொள்ளும். வண்டியை அணைத்துத் திரும்பப் போட்டால் பயத்தை மறந்து பழையபடி ஓடும். கோளாறு கடைசியாகப் பதிவான நொடியின் விவரமும் திரையில் இருந்தது. வேகம் முப்பத்தெட்டு. ஆக்ஸிலரேட்டர் நூறு சதவீதம்.

"என்ன சொல்லுது மச்சான்?" என்றார் பக்கத்தில் நின்ற மாமா.

"மிதிச்சிருக்கீங்க மாமா. முழுசா மிதிச்சிருக்கீங்க."

மாமா பழைய டயர் மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். சென்சார் போச்சு, புதுசு போடணும் என்றால் கதை முடிந்தது. ஆனால் ஸ்கேனர் சொன்னதுமே பாகத்தை மாற்றுகிறவன் மெக்கானிக் இல்லை, பாகம் விற்கிறவன் என்று ஊரெல்லாம் நக்கலடிக்கிறவன் நான். இன்ஜினை ஓடவிட்டு, தனியாக ஒரு மானியை மாட்டி ஆயில் பிரஷரைப் பார்த்தேன். சரியாக இருந்தது. சென்சாரும் அதே எண்ணைத்தான் காட்டியது. அப்படியென்றால் சென்சார் நன்றாக இருக்கிறது. அதற்குப் போகும் ஒயரை விரலால் லேசாக ஆட்டினேன். திரையில் எண் பூஜ்யத்துக்கு விழுந்து திரும்ப வந்தது.

டார்ச் அடித்தேன். ஒயரின் நுனியில் இருக்கும் கப்ளர் சென்சாரில் உட்கார்ந்திருந்தது, ஆனால் பூட்டு விழவில்லை. நகக்கண் அளவு இடைவெளி.

போன மாதம் இந்த வண்டிக்கு கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியது நான். ஃபில்டரை எடுக்க இந்தக் கப்ளரைக் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது 'டக்' என்று சத்தம் வந்தால்தான் பூட்டு விழுந்ததாக அர்த்தம். அன்று பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கேட்டேனா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டைவிரல் கப்ளர் மேல்தான் இருந்தது. ஓர் அழுத்து அழுத்தினால் போதும். மாமா மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை, பாழாய்ப்போன சென்சார் மேல் எல்லாம் போய்விடும்.

"கண்டுபிடிச்சிட்டியா? சென்சார்தானே?" என்றார் மாமா.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கோளாறைச் சரிசெய்யும் முன் வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் கண்ணால் பார்க்க வைத்துவிடுவேன். வண்டி அக்காவுடையது. விரலை எடுத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"பட்டறைக்கு வாக்கா."

"எதுக்கு? அவர் மேல தப்பில்லன்னு சொல்லப்போறியா?"

"ஆமா. போன மாசம் நான் ஒரு ஒயர் கப்ளரைச் சரியா மாட்டல. அதான் வண்டி இழுக்கல. கை வைக்காம அப்படியே வச்சிருக்கேன். வந்து பாரு."

போனைப் பையில் போட்டுவிட்டு, கப்ளர் மேல் டார்ச்சைப் பிடித்தபடி நின்றேன். என் கை உதற ஆரம்பித்தது. வெளிச்சம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மாமா எழுந்து வந்து டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.