வாபஸ் வாங்க முடியாத புகார்

பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரம். வேலையாட்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மெக்கானிக் மட்டும் ஒரு பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, தேய்ந்துபோன பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவியின் அண்ணன் பின்பக்க வாசல் வழியாக வந்து டயர் ஓரமாகக் குந்தினார். அவரை எல்லோரும் தரகர் என்றே கூப்பிடுவார்கள்.

"மாப்ள, கொஞ்சம் வெளிய வாங்க. ஒரு வார்த்தை பேசணும்."

"கையெல்லாம் கிரீஸ் மச்சான். காது சும்மாதான் இருக்கு, சொல்லுங்க."

வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் அலுவலகத்தின் வாசலில் நிற்பதுதான் தரகருக்குத் தொழில். வண்டி முதலாளி கொடுக்கும் கவரை உள்ளே இருக்கும் அதிகாரியிடம் சேர்ப்பார், அவ்வளவுதான். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவனாக இருக்கவும் ஒரு துணிச்சல் வேண்டுமே, அது அவரிடம் கிடையாது! யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அந்தத் தங்கமான குணத்தால்தான் போன மாதம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த நாலு பேர் ஒரு பஸ் ஏறி நசுங்கிச் செத்தார்கள்.

அந்த பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்கவில்லை, ரோட்டில் எடுக்காதீர்கள் என்று மெக்கானிக் தலைபாடாய் அடித்துக்கொண்டார். பஸ் முதலாளி கேட்கவில்லை. பிரேக் மாற்றுவதைவிடக் கவர் கொடுப்பது மலிவு. தரகர் கவரைக் கொண்டுபோனார். பஸ் ஷெட்டை விட்டு நகராமலேயே சான்று வந்துவிட்டது. நாலு பேர் செத்த பிறகு மெக்கானிக்குக் கண் மூடினால் தூக்கம் வரவில்லை. நேராக தேசிய ஊழல் தடுப்பு ஆணையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார்.

"அந்தப் புகார வாபஸ் வாங்கிடுங்க மாப்ள. முதலாளி ரொம்பக் கோவமா இருக்காரு."

"உங்க பேர நான் அதுல சொல்லல மச்சான். என் பொண்டாட்டி முகத்துக்காக விட்டேன். அதுக்கு மேல கேக்காதீங்க."

தரகர் பதில் சொல்வதற்குள் இரண்டு தடியன்கள் அதே பின்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். ஒருவன் மெக்கானிக்கின் காலைப் பிடித்து வெளியே இழுத்தான். மற்றவன் இரும்புக் கம்பியால் முழங்காலில் போட்டான். பிறகு இருவரும் அவரைத் தூக்கி நிறுத்தி, மேசையில் இரும்பைக் கவ்வி வைக்கும் வைஸுக்குள் வலது கையைத் திணித்துப் பிடியைச் சுற்றினார்கள்.

"வாபஸ் வாங்கறியா?"

"மாட்டேன்."

இன்னொரு சுற்று. எலும்பு நொறுங்கும் சத்தம் தரகருக்குக் கேட்டது. "ஐயோ, போதும்யா, விடுங்கய்யா!" என்று கத்தினார். கத்தினாரே தவிர, நின்ற இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை, பாவி மனுஷன்! மூன்றாவது சுற்றில் மெக்கானிக் அலறினார்: "வாங்கிடறேன்! வாங்கிடறேன்!"

இரண்டு விரல்களை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். மெக்கானிக்கின் மனைவி, அதாவது தரகரின் தங்கை, அழுது முடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "எனக்கு நியாயமும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் புருஷன் உசுரோட இருந்தா போதும்."

மறுநாள் காலை மூன்று பேரும் ஆணையத்துக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. விசாரணை அதிகாரி அவர்தான். கட்டுப்போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வாபஸா? அது முடியாதே."

"புகார் குடுத்தவரே வேணாங்கறாரும்மா" என்றார் தரகர்.

"குடுக்கறதுதான் அவர் இஷ்டம். பதிவாயிட்டா அது ஆணையத்தோட வழக்கு. அவரும் நிறுத்த முடியாது, எங்களுக்கு மேல இருக்கறவங்களும் நிறுத்த முடியாது. சான்று குடுத்த அதிகாரியோட வங்கிக் கணக்க முடக்கியாச்சு. யாரையும் கூப்பிட்டு விசாரிப்போம், யார் வீட்டையும் சோதனை போடுவோம். புகார் குடுத்தவர் மேல கை வெச்சா அதுக்குத் தனியா ஜெயில்."

தங்கை மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். "அப்ப என் புருஷன் கைய எதுக்கும்மா நசுக்கினாங்க?"

"ஒண்ணுக்கும் இல்லாம. இது தெரியாத முட்டாப் பசங்கம்மா அவங்க. அடிபட்ட உடனே எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே, பாதுகாப்புக்கு ஆள் அனுப்பியிருப்போம்."

அப்போது தரகர் மேசைமேல் வைத்திருந்த போன் அடித்தது. திரையில் தெரிந்த பெயர்: பஸ் முதலாளி. "எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார் அதிகாரி. தரகர் அப்படியே செய்தார்.

"என்னய்யா, வாங்கியாச்சா?"

"முடியாதாம் முதலாளி. பதிவானது பதிவானதுதானாம்."

"அப்படியா? சரி, புகார் இருக்கட்டும். ஆளத் தூக்கிடறேன். நேத்து பட்டறையோட பின்கதவத் தொறந்து வெச்ச மாதிரி, இன்னைக்கு வீட்டுக் கதவத் தொறந்து வை. உன் தங்கச்சிய மட்டும் எங்கயாவது அனுப்பிடு."

அடுத்த நொடி தங்கை மேசைமேல் இருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து அண்ணன் நெற்றியில் ஓங்கி அடித்தாள். டம்ளர் உடைந்தது. உடைந்த துண்டோடு மறுபடி பாய்ந்தவளை அதிகாரி இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தார்.

"நீயாடா தொறந்து விட்ட? நீ மனுஷனாடா? கூடப் பொறந்தவன்னு உனக்கு சோறு போட்டேனேடா!"

தரகர் தடுக்கவில்லை. ரத்தம் கண்ணில் இறங்கி, சட்டையில் சொட்டியது. அதிகாரி தங்கையை உட்கார வைத்துவிட்டு மேசை போனை எடுத்தார். "ரெண்டு டீம் கிளம்புங்க. ஒண்ணு பஸ் முதலாளி வீடு, ஒண்ணு சான்று குடுத்த அதிகாரி வீடு. இவங்க வீட்டு வாசல்ல இப்பவே காவல் போடுங்க" என்றார்.

தரகர் மெக்கானிக்கின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "சும்மா மிரட்டிட்டுப் போயிடுவாங்கன்னு நெனச்சேன் மாப்ள. இவ்வளவு ரத்தம் வரும்னு நெனக்கல."

"வந்துச்சே மச்சான். பஸ் ஸ்டாப்புலயே வந்துச்சே. அது யாரோ வீட்டு ரத்தம்னு இருந்துட்டீங்க."

தரகரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார்.

"என்னையும் எழுதிக்குங்கம்மா."

"நீங்களா வந்து உண்மையச் சொன்னா சாட்சியா எடுத்துக்குவோம். ஆனா செஞ்ச தப்புக்கு தண்டனை வரலாம். கோர்ட்டுதான் முடிவு பண்ணும்."

"வரட்டும்மா. அந்தக் கவர்ல நான் கொண்டுபோனது நாலு பேரோட சாவு. லஞ்சம் குடுத்தவனையும் வாங்கினவனையும்தான் எல்லாரும் திட்டறாங்க. நடுவுல நின்னு நமக்கென்னன்னு கைமாத்தி விட்டவனும் கொலகாரன்தாம்மா. என்ன மாதிரி ஆளுங்க முதல் நாளே மாட்டேன்னு சொல்லியிருந்தா, இன்னைக்கு யாரும் செத்திருக்க மாட்டாங்க."